ஈரம் காய்வதற்குள்: ஜியோட்டோ வழியில் ஒரு முகத்தை ஃப்ரெஸ்கோவாக வரைவது எப்படி

இத்தாலியின் பதுவா நகரில் உள்ள அரேனா சிற்றாலயம் 1305 மார்ச் 25 அன்று வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ வரைந்த முகங்கள் இன்றும் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஆனால் மரியாளின் நீல மேலங்கி பல காட்சிகளில் உதிர்ந்து, அடிப்பூச்சு வெளியே தெரிகிறது. வரைந்த கையும் ஒன்று, சுவரும் ஒன்று. முகத்தை ஈரச் சாந்தின்மேல், வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தால் வரைந்தார்கள். நீலத்தைச் சாந்து காய்ந்த பிறகு பசையில் குழைத்துப் பூசினார்கள். முதல் முறைக்கு ஃப்ரெஸ்கோ என்று பெயர், இரண்டாவதற்குச் செக்கோ. இங்கே சொல்லப்போவது முதல் முறை: 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு சுட்ட மண் ஓட்டின்மேல், ஒரே நாளில், ஒரு முகம்.

எதை வரைவது என்று யோசிக்கிறவர்களுக்கு: அரேனா சிற்றாலயத்தில், இறந்த இயேசுவைச் சுற்றி எல்லோரும் அழும் காட்சிக்கு மேலே வானத்தில் தேவதூதர்கள் பறந்தபடி கதறுகிறார்கள். அவர்களில் ஒருவரின் தலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் குறைவு, உணர்ச்சி அதிகம், நிறங்கள் பெரும்பாலும் மண் நிறங்கள். முதல் முயற்சிக்கு மைக்கேலாஞ்சலோ வேண்டாம்.

வேலை வரிசையில் வழிகாட்டி சென்னினோ சென்னினி. ஜியோட்டோவின் சீடர் தத்தேயோ காதி, அவருடைய மகன் ஆக்னோலோ காதி, ஆக்னோலோவிடம் பன்னிரண்டு ஆண்டு பயின்றவர் சென்னினி. 1400ஐ ஒட்டி அவர் எழுதிவைத்த கைவினைக் குறிப்புகள் ஜியோட்டோ பட்டறையின் நேர்வழி வாரிசு. சாந்து விகிதம், முகத்துக்கு எந்த நிறம் முதலில், எது கடைசியில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நாளில் ஓர் இளம் புனிதரின் தலையை மட்டும் முடிப்பதாக வைத்துக்கொள் என்றுதான் அவரும் பாடத்தைத் தொடங்குகிறார்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். அதைத் தண்ணீரில் நீற்றினால் நீறிய சுண்ணாம்பு கிடைக்கும். மணலோடு கலந்து சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. ஈரம் மேலே வரும்போது கரைந்த சுண்ணாம்பும் கூடவே வந்து, மேற்பரப்பில் நிறத்துகள்களைச் சுற்றி மெல்லிய படிகத் தோலாக இறுகும். அதனால்தான் பசையே தேவைப்படுவதில்லை. இது நடக்கும் சில மணி நேரத்துக்குள் வைத்த நிறம்தான் கல்லாகும். பிறகு வைத்தது வெறும் தூளாக மேலே உட்காரும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களை வேதியியல் முறையில் ஆராய்ந்த எஸ். பரமசிவன், அவையும் ஈரச் சுண்ணாம்பின்மேல் வரையப்பட்டவை என்றே முடிவுகட்டினார். ஆக, நம் ஊர்க் கொத்தனாருக்கு இந்தச் சாந்து அந்நியம் அல்ல. பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பழுதுபார்க்கும் ஒருவர் அருகில் இருந்தால், கீழே இருக்கும் பாதி விஷயத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு விழுது

இதில்தான் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கல் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரு கிலோ கல்லுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். இரும்பு வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு கண்ணை அரிக்கும். குழந்தைகளையும் பூனை நாய்களையும் பக்கத்தில் விடாதீர்கள்.

சூடு ஆறியதும் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மூடியுள்ள வாளியில் ஊற்றி, விழுதுக்கு மேல் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். தண்ணீர் நிற்கும்வரை காற்றுப் படாது. எத்தனை ஆண்டானாலும் கெடாது. மேல்பூச்சுக்கு மூன்று மாதத்துக்குக் குறைந்த விழுது வேண்டாம்; ஆறு மாதம் ஊறியது கைக்கு நன்றாக வரும். மூன்று ஆண்டு ஆகாத சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ரோமின் பழைய கட்டட விதி சொன்னதாகப் பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சரியாக நீறாத ஒரு துகள் சாந்துக்குள் போய்விட்டால், வாரங்கள் கழித்து உள்ளேயே நீறிப் பருத்து, ஓவியத்தின் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அது பெரும்பாலும் கன்னத்தில்தான் வரும் என்பது ஓவியர்களின் புலம்பல்.

கட்டடச் சாமான் கடையில் மூட்டையில் வரும் நீறிய சுண்ணாம்புத் தூளும் பயிற்சிக்குப் போதும். தண்ணீரில் இரண்டு வாரமாவது ஊறட்டும். வாங்கும்முன் ஒரு சிட்டிகைத் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அந்த மூட்டை ஏற்கெனவே காற்றைக் குடித்துச் சுண்ணாம்புக்கல்லாகிவிட்டது; சாந்து இறுகாது. சிமென்ட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டையும் கலக்கவே கூடாது. இரண்டிலும் உள்ள உப்புகள் பின்னால் வெள்ளையாகப் பூத்து முகத்தை மூடும்.

மணலும் கலவையும்

கழுவிக் காயவைத்த ஆற்றுமணல். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் நிரப்பிக் குலுக்கி ஒரு மணி நேரம் வைத்தால், மேலே வண்டல் தனியாகப் படியும். அந்தப் படிவு மணலின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மறுபடியும் கழுவுங்கள். வண்டல் மிகுந்தால் பூச்சு சுருங்கி வெடிக்கும். கடல் மணல் வேண்டாம், உப்பு. எம்-சாண்டில் தூசு அதிகம். இரண்டு மூன்று முறை கழுவினால் அடிப்பூச்சுக்கு ஆகும்.

சென்னினி சொல்வது மணல் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. சிறிய ஓட்டுக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். அடிப்பூச்சுக்கு மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மணல் 750 மில்லி, சுண்ணாம்பு விழுது 300 மில்லி. மேல்பூச்சுக்கு ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மணல் 270 மில்லி, விழுது 180 மில்லி. மேல்பூச்சு மணலில் பாதிக்குப் பதில் மார்பிள் பொடி சேர்த்தால் பூச்சு வெளுப்பாக வரும், நிறங்கள் தெளிவாகத் தெரியும். விழுதைத் தண்ணீர் வடித்துக் கெட்டித் தயிர் பதத்தில் எடுத்து அளக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் அளவு பொய்யாகிவிடும்.

கலக்கும்போது வறட்டுச் சாந்தாகத் தெரியும். தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுக்கும், ஊற்றாதீர்கள். கரணையால் பத்து நிமிடம் அழுத்தி அழுத்திப் பிசைந்தால் விழுதிலுள்ள தண்ணீரே வெளியே வந்து சாந்து இளகும். வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீர் ஆவியாகும்போது விட்டுப்போகும் இடம்தான் பிறகு விரிசலாகத் தெரியும்.

அடிப்பூச்சு

மொட்டைமாடியில் பதிக்கும் தட்டோடு, மெருகு பூசாததாக, இதற்குப் பொருத்தம். ஓட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் எடுத்து, மேலே பளபளப்பு போனதும் நான்கு மில்லிமீட்டர் சாந்தை அழுத்தித் தேயுங்கள். அது கொஞ்சம் இறுகியதும் இன்னொரு நான்கு மில்லிமீட்டர். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் வெளித்தோல் முந்திக் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். மேற்பரப்பை மழமழப்பாக்க வேண்டாம். மரத் தேய்ப்புக் கட்டையால் சொரசொரப்பாக விட்டு, ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். மூன்று நாள் ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்து, பிறகு பத்து நாளாவது சும்மா விடுங்கள்.

இத்தாலியர்கள் இந்தக் கரடுமுரடான பூச்சை அர்ரிச்சோ என்றார்கள். இதன்மேல்தான் செங்காவியால் முழு ஓவியத்தையும் வெள்ளோட்டமாக வரைந்து பார்ப்பார்கள். அந்தக் கோட்டோவியத்தின் பெயர் சினோப்பியா. மேல்பூச்சு ஏறியதும் அது மறைந்துவிடும். 1944 ஜூலை 27 அன்று பீசாவின் கம்போசாந்தோ கல்லறை மண்டபத்தில் குண்டு விழுந்து கூரை எரிந்தது. சேதமான ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தபோது அடியில் ஏராளமான சினோப்பியாக்கள் வெளியே வந்தன. அவற்றுக்காகவே இன்று பீசாவில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியர் முதலில் என்ன நினைத்தார், பிறகு எங்கே மாற்றினார் என்பதை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எந்த நிறம் ஆகும், எது ஆகாது

சுண்ணாம்பு கடும் காரம். காரத்தைத் தாங்காத நிறம் சில நாளிலேயே மாறிவிடும். மஞ்சள் காவி, செங்காவி, அம்பர் என்னும் பழுப்பு மண், பச்சைமண், இரும்பு ஆக்சைடு கறுப்பு, கோபால்ட் நீலம், குரோமியம் ஆக்சைடு பச்சை ஆகியவை நிற்கும். சமையல் மஞ்சள் காரம் பட்டதும் சிவக்கும், பிறகு வெளிறும். பிரஷ்யன் நீலம் நிறம் இழக்கும். பூ, இலைச் சாயங்களும் ஹோலிப் பொடியும் பேச்சுக்கே இடமில்லை. ஈய வெள்ளையைச் சுவரில் வைக்காதே என்று சென்னினி எச்சரிக்கிறார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் இத்தாலியின் அசிசி நகரில், மேல் தேவாலயத்தில் ஓவியர் சிமாபூயே வரைந்த சிலுவைக் காட்சியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக இருந்த இடமெல்லாம் கறுத்துப்போய், புகைப்பட நெகட்டிவைப் பார்ப்பதாகவே தோன்றும். காரணம் ஈயம்தான்.

அப்படியானால் வெள்ளைக்கு என்ன வழி? சுண்ணாம்பேதான். சென்னினியின் முறை இது: நன்றாக நீறிய சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் போட்டு, எட்டு நாள் தினமும் தண்ணீரை மாற்றிக் காரத்தைத் தணித்து, சிறு வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். இதைப் ‘புனித ஜான் வெள்ளை’ என்றார்கள். செங்காவி இரண்டு பங்கும் இந்த வெள்ளை ஒரு பங்கும் சேர்த்தால் கிடைக்கும் இளஞ்சிவப்புதான் சதை நிறங்களுக்கு அடிப்படை.

எல்லா நிறப்பொடிகளையும் முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடிப் பலகையில் அரைத்து விழுதாக்கி, தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். கிண்ணத்தில் இருக்கும் நிறம் வேறு, காய்ந்த சுவரில் தெரியப்போகும் நிறம் வேறு. காய்ந்தால் நன்றாக வெளிறும். ஒரு செங்கல் துண்டில் ஒவ்வொரு கலவையையும் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டுப் பாருங்கள். செங்கல் தண்ணீரை உடனே குடித்துவிடும் என்பதால் சில நிமிடத்தில் உண்மை நிறம் தெரியும். நாளின் நடுவில் கலவை தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடியும் கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியாது. தேவைக்கு இரண்டு பங்கு கலந்துவையுங்கள்.

வரைபடத்தைச் சாந்துக்கு மாற்றுதல்

முகத்தை ஓட்டின் அளவிலேயே தாளில் வரைந்து, மெல்லிய தாளில் படியெடுத்து, கோடுகள்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் குத்துங்கள். கரித்தூளைப் பருத்தித் துணியில் முடிந்து துளைகள்மேல் தட்டினால் ஈரச் சாந்தில் புள்ளிவரிசை விழும். இதற்குப் பெயர் ஸ்போல்வெரோ. ஜியோட்டோ காலத்தில் சினோப்பியாதான் முக்கியம்; முழு அளவுத் தாள் படம் பதினைந்தாம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். சிறிய ஓட்டில் இது வேலையைச் சுலபமாக்குவதால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஜியோட்டோவை விட்டு விலகலாம்.

ரஃபாயேல் வத்திக்கானில் வரைந்த ‘ஏதென்ஸ் பள்ளி’க்கு அவர் கையால் வரைந்த முழு அளவுத் தாள் படம் மிலானின் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஓவியத்தில் முன்னால் ஒரு கல்மேடையில் முழங்கை ஊன்றி யோசித்தபடி உட்கார்ந்திருக்கும் ஆள் அந்தப் படத்தில் இல்லை. சுவரில் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுச்சாந்து பூசி அவரைப் பிறகு சேர்த்திருக்கிறார். அந்த முகத்தில் மைக்கேலாஞ்சலோவின் சாயல் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். ஃப்ளோரன்ஸ் ஓவியர் மசாச்சோ வேறு வழி பிடித்தார். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் உள்ள அவருடைய ‘திரித்துவ’ ஓவியத்தில், தூரநோக்குக் கோடுகள் சேரும் புள்ளியில் ஆணி அடித்து, நூல் கட்டி இழுத்து, ஈரச் சாந்தில் கோடுகளைப் பதித்திருக்கிறார். நூல் பதிந்த தடம் இன்றும் தெரிகிறது.

அந்த ஒரு நாள்

முந்தைய இரவு அடிப்பூச்சின்மேல் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடியும், இனிமேல் குடிக்காது என்னும்வரை. நம் கோடையில் நேரடி வெயிலும் மின்விசிறியும் எதிரிகள். மூடிய அறை, பக்கத்தில் ஈரச் சாக்கு. மழைக்காலத்தில் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

மேல்பூச்சு மொத்தம் மூன்று மில்லிமீட்டர். முதல் மில்லிமீட்டரைக் கரணையால் அழுத்தித் தேய்த்து அடிப்பூச்சின் கீறல்களுக்குள் இறக்குங்கள். உடனே அதன்மேல் மீதி இரண்டு மில்லிமீட்டர். மரக்கட்டையால் வட்டமாகத் தேய்த்துச் சமன்செய்து, கடைசியில் கரணையை ஒரே ஒரு முறை லேசாக ஓட்டுங்கள். கண்ணாடிபோல வரட்டும் என்று திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. அதிகம் தேய்த்தால் சுண்ணாம்பு மேலேறி ஒரு மூடிய தோல் உண்டாகும். அது நிறத்தை உள்ளே விடாது, காய்ந்ததும் மயிரிழை விரிசல் விடும்.

இப்போது காத்திருக்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் சாந்து விரலில் ஒட்டக் கூடாது, லேசான தடம் மட்டும் விழ வேண்டும். அறையின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து இது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குமுன் தூரிகை வைத்தால் சாந்து கிளறி நிறத்தோடு கலந்து எல்லாம் பால்வெள்ளையாகும்.

கரித்தூளைத் தட்டி எடுத்ததும் தாளை விலக்கி, நீர்த்த மஞ்சள் காவியால் புள்ளிகளை இணையுங்கள். தூரிகை நீளமான பன்றிமயிராக இருக்கட்டும். மென்மயிர்த் தூரிகையைச் சுண்ணாம்பு தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் தூரிகையை விரலால் பிழிந்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். தண்ணீர் சொட்டினால் சாந்து அரிக்கும்.

முகத்தின் நிழல்களுக்கு வெர்தாச்சோ என்னும் பச்சை கலந்த பழுப்பு. சென்னினி தரும் அளவு: அடர் மஞ்சள் காவி ஒரு மொச்சையளவு, கறுப்பு ஒரு பருப்பளவு, சுண்ணாம்பு வெள்ளை மொச்சையில் மூன்றில் ஒரு பங்கு, இளஞ்சிவப்பு கத்திமுனையில் எடுக்கும் அளவு. இதைத் தண்ணீராக நீர்க்கவைத்து, கூர்மையான தூரிகையால் மூக்கு, கண், உதடு, தாடைக் கோடுகளை வரையுங்கள். பிறகு நன்றாக நீர்த்த பச்சைமண்ணைத் தாடைக்குக் கீழ், உதட்டுக்குக் கீழ், புருவத்தின் கீழ்ப்பகுதி, மூக்கின் நிழற்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் வையுங்கள். இந்த நேரத்தில் முகம் நோயாளியுடையதுபோல இருக்கும். பயப்பட வேண்டாம், சியன்னாவிலும் ஃப்ளோரன்ஸிலும் எல்லா முகங்களும் இந்த நிலையைத் தாண்டி வந்தவைதான்.

அடுத்து கன்னத்திலும் உதட்டிலும் இளஞ்சிவப்பு. கன்னத்தில் மூக்குப் பக்கத்தைவிடக் காதுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக. அதன்பின் மூன்று கிண்ணங்களில் மூன்று சதை நிறம், ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட வெள்ளை கூட. அடர்ந்ததை நிழலின் ஓரத்தில் தொடங்கி, நடுத்தரத்தை நடுவில், வெளிர்ந்ததை மேடான இடங்களில். சின்னச் சின்ன இணைகோடுகளாக, முகத்தின் வளைவைத் தொடர்ந்து இழுங்கள். ஒரு கோட்டின்மேல் இன்னொன்றை வைக்கும்முன் முந்தையது உறிஞ்சப்பட்டுப் பளபளப்பு போயிருக்க வேண்டும். பச்சையை முழுக்க மூடிவிடாதீர்கள். நிழலில் அது லேசாகத் தெரியும்போதுதான் சதைக்கு உயிர் வரும். ஜியோட்டோவின் முகங்களில் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர்கள் இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடலாம்.

பூச்சு போட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆனபின் சாந்து நிறத்தை ஆவலோடு குடிக்கத் தொடங்கும். வைத்த கோடு வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். நாளின் சிறந்த நேரம் இது. கண்மணியின் கறுப்பு, இமைக்கோட்டின் செங்காவி, மூக்குத்தண்டிலும் நெற்றியிலும் தூய வெள்ளை எல்லாவற்றையும் இதற்காகவே ஒதுக்கிவையுங்கள். தலைமுடியை மஞ்சள் காவியில் நிரப்பி அம்பரால் இழை பிரியுங்கள். அரேனாவில் ஒளிவட்டங்களைச் சாந்தாலேயே மேடாக எழுப்பியிருக்கிறார்கள். நீங்கள் மழுங்கிய குச்சியால் கதிர்களை ஈரச் சாந்தில் அழுத்திக் கீறினால் போதும். அதைக் காலையிலேயே செய்துவிடுங்கள். மாலையில் சாந்து பொரியும்.

தூரிகை இழுபடத் தொடங்கி, நிறம் உடனே வெளிறிப் பவுடராக உட்கார்ந்தால் சுவர் மூடிவிட்டது என்று பொருள். ஓட்டில் இது ஐந்தாறு மணி நேரத்தில் நடக்கும்; பெரிய சுவரில் இன்னும் தாமதமாகும். அந்த நொடியில் நிறுத்துங்கள். இன்னும் ஒரு கோடு, இன்னும் ஒரு வெள்ளை என்று தொடர்ந்தால் அது நாளை துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

நாள் எல்லை

பெரிய சுவரில் அன்று வரைந்து முடித்த பகுதியின் ஓரத்தைக் கத்தியால் சாய்வாக வெட்டி, மிச்சமிருக்கும் வெற்றுச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். மறுநாள் புதுச்சாந்து அந்தச் சாய்வில் வந்து சேரும். ஒரு நாள் பகுதிக்கு ஜோர்னாத்தா என்று பெயர். எல்லையைத் தோளின் நடுவிலோ வெற்று வானத்திலோ விடக் கூடாது. ஆடையின் விளிம்பு, தலைமுடியின் ஓரம், தூணின் பக்கம் என்று ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும். வேலை மேலிருந்து கீழே வரும், இல்லாவிட்டால் முடிந்த முகத்தின்மேல் சாந்துநீர் வழியும்.

சுவருக்குப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் இந்த எல்லைகள் தெரியும். எந்தச் சாந்து எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து, எது முந்திய நாள் என்று சொல்லிவிடலாம். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் வேலை செய்தபோது எப்படி வேகம் பிடித்தார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. பிற்பகுதியில் வந்த ‘ஒளியையும் இருளையும் பிரித்தல்’ காட்சி ஒரே ஜோர்னாத்தா.

கெட்டுப்போனால்

அதே கூரையில் தொடக்கத்தில் வரைந்த பெருவெள்ளக் காட்சியில் பூஞ்சை பூத்துவிட்டது. அவர் மனம் வெறுத்துப்போன கட்டத்தில், சாந்தில் தண்ணீர் அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்காலோ. ரோமில் பயன்பட்டது திரவெர்த்தீன் கல்லிலிருந்து எடுத்த சுண்ணாம்பும் பொட்சொலானா எரிமலைச் சாம்பலும். ஃப்ளோரன்ஸ் மணலுக்குப் பழகிய கை அதில் தண்ணீரை அதிகம் விட்டுவிட்டது. உங்கள் ஓட்டிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஏதாவது பூத்தால் சாந்து மிகவும் ஈரம், அறையில் காற்றோட்டம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். வெள்ளையாக மாவு படிந்தால் அது உப்பு: கழுவாத மணல் அல்லது உப்புத்தண்ணீர்க் கிணறு. சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்.

சிலந்திவலை விரிசல் என்றால் மேல்பூச்சில் சுண்ணாம்பு மிகுதி அல்லது கரணை அதிகம் ஓடியிருக்கிறது. நீளமான ஒற்றை விரிசல் என்றால் அடிப்பூச்சு வேகமாகக் காய்ந்திருக்கிறது. தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டால் இரண்டு பூச்சும் ஒட்டவில்லை. நனைக்காத அடிப்பூச்சு மேல்பூச்சின் ஈரத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிட்டது. கடைசி வகைக்கு மருந்து இல்லை, உரித்துவிட்டு மறுபடியும் பூசத்தான் வேண்டும்.

ஈரச் சாந்து தரும் அவசரம் லியோனார்தோவுக்குச் சரிப்படவில்லை. நின்று யோசித்து, திருத்தி, மெல்ல மெல்லப் படலம் ஏற்றுகிறவர் அவர். மிலானில் ‘கடைசி விருந்’தை 1495 முதல் 1498 வரை காய்ந்த சுவரில் வரைந்தார். இருபது ஆண்டுக்குள்ளேயே அது சிதையத் தொடங்கிவிட்டதாக 1517இல் பார்த்த ஒருவர் எழுதினார். 1978இல் தொடங்கிய கடைசிப் பெரும் சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது. ஈரச் சுவரில் வரைந்து பழகியபின் அந்த ஓவியத்தைப் பார்த்தால், அவர் ஏன் அந்த வழியில் போனார் என்பதும் புரியும், சுவர் ஏன் ஒத்துழைக்கவில்லை என்பதும் புரியும்.

காய்ந்தபின் திருத்தலாமா? ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி அதை மிக மட்டமான வேலை என்று திட்டினார். ஆனாலும் எல்லோரும் கொஞ்சம் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, முட்டை மஞ்சள்கருவும் அதே அளவு தண்ணீரும் கலந்து, அதில் நிறத்தைக் குழைத்துச் சிறு இடங்களைத் தொடலாம். கோபால்ட் நீலம் ஈரத்திலேயே நிற்கும் என்பதால், பின்னணி வானத்தை ஜியோட்டோபோலப் பின்னால் ஒட்டவைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முகத்தைத் தொடாமல் ஒரு மாதம் நிழலில், காற்றோட்டமாக நிறுத்திவையுங்கள். முதல் வாரம் அடிக்கடி எட்டிப்பார்க்கத் தோன்றும். நிறங்கள் திட்டுத்திட்டாகக் காயும், பாதி முகம் அடர்ந்தும் பாதி வெளிறியும் தெரியும், எதையும் செய்யாதீர்கள். வார்னிஷ் பூசக் கூடாது, அது சுண்ணாம்பின் மூச்சை அடைத்துவிடும். மாதம் முடிந்ததும் ஈரப் பஞ்சால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் நிறம் கல்லாகிவிட்டது. காவி ஒட்டினால் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாளின் கடைசி அரை மணி நேரத்தில் வைத்த கோடுகளாகத்தான் இருக்கும். அடுத்த ஓட்டில் நிறுத்த வேண்டிய நேரத்தை அதற்கேற்ப முன்னால் கொண்டுவாருங்கள்.